ஊருக்கு வந்த வசதி உழவுக்கு வரவில்லை

மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் இன்று தெருக்களில் சிமெண்ட் சாலை இருக்கிறது, பெரும்பாலான வீடுகளில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, அங்கன்வாடியும் நியாயவிலைக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. 2021-இல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, ஜவுளிக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களின் சம்பளத்தில் பேருந்துச் செலவு என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. இவற்றில் எதையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால், நெல்லை நம்பியே வாழும் ஓர் ஊரில், அறுத்த நெல்லை நனையாமல் வைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லை என்பதை இத்தனை வசதிகளுக்கு நடுவில் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், குறுகிய காலப் பயிரான குறுவை நெல் செப்டம்பர் கடைசியிலிருந்து அறுப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அரிகள் வயலிலேயே காய்ந்து, கட்டாகிக் களத்துக்கு வந்து, அடித்துத் தூற்றும்போது ஈரம் பெரிதும் வடிந்திருக்கும். ஊர் முழுவதும் அறுத்து முடிக்கவும் வாரக் கணக்காகும். இப்போது இயந்திரம் இறங்கினால் சில நாள்களில் ஊரே அறுப்பாகிவிடுகிறது, அத்தனை நெல்லும் பச்சையாக ஒரே சமயத்தில் கரைக்கு வருகிறது. ஆள் கிடைக்காத இந்நாளில் இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்கேற்ற ஏற்பாட்டை ஊர்களில் செய்யாமல் விட்டதுதான் தவறு.

அரசின் நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை மிஞ்சும் ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, தளர்வு அறிவிப்பதற்குள் குவியலின் அடிநெல் முளைவிட்டுவிடும். காய வைக்க எங்களுக்குக் கிடைத்திருப்பது தார்ச்சாலை ஒன்றே. வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கற்களையும் பனை மட்டையையும் வைத்துவிட்டு, உச்சி வெயிலில் பெண்கள் காலாலேயே நெல்லைச் சால் சாலாகக் கிளறிக்கொண்டு நடப்பார்கள். மேற்கே கறுத்தால் போதும், குழந்தைகள் உட்பட வீடே ஓடிவந்து நெல்லைத் தள்ளிக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடும். அந்தக் குவியல்களில் இரவில் இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுவதும் உண்டு. விழுபவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயியாகத்தான் இருப்பார்.

முன்பு ஊருக்கு ஊர் களம் இருந்தது. வருவாய்க் கணக்கில் களம் புறம்போக்கு என்றே அதற்குத் தனி இடம் உண்டு. மேடாகவும் சாலையை ஒட்டியும் இருந்த நிலம் என்பதால், புதிதாக எந்தக் கட்டடம் வந்தாலும் முதலில் அதன் மேல்தான் கண் விழுகிறது. எங்கள் ஊர்க் களத்தில் இன்று இரண்டு அரசுக் கட்டடங்கள் நிற்கின்றன. இரண்டும் தேவையானவைதாம் என்றாலும், எடுத்த களத்துக்கு மாற்றாக ஒரு சென்ட் நிலத்தைக்கூட யாரும் ஒதுக்கவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் உலர்களம் அமைத்துக்கொண்ட ஊர்கள் இருக்கும்போது, இதற்குப் பணம் இல்லை என்ற பதிலை ஏற்க எனக்கு மனமில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் பெரும்பாலும் குழாயும் தெருவிளக்கும்தான் பேசப்படுகின்றன, ஏனென்றால் கூட்டத்துக்கு வருபவர்கள் கேட்பது அதைத்தான். அறுப்பு மும்முரத்தில் இருக்கும் விவசாயிகளில் பலர் அன்று வயலை விட்டு வர முடிவதில்லை. ஆகவே டெல்டா ஊர்களில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே, அறுப்புக்கு முன்னதாகவே, மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். மீதமிருக்கும் களம் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும். அதில் சிமெண்ட் உலர்களமும், மூட்டை அடுக்க மேடை போட்ட தகரக் கொட்டகையும் வேண்டும். டிராக்டர் சேற்றில் சிக்காமல் களம்வரை வருவதற்கு வாய்க்கால் மேல் ஒரு மதகுப் பாலமும் வேண்டும்.