எல்எஸ்7-க்கு ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கார்வெட் இசட்06 ஸ்போர்ட்ஸ் காரின் எல்எஸ்7 இன்ஜினில் சக்தியைக் கூட்ட, பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இரட்டை வால்வு ஸ்பிரிங் போட்டால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கேம் சரி. ஆனால் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்பகுதியை, கழற்றாமலே ஸ்பிரிங்கை மாற்றச் சொல்வதுதான் இடிக்கிறது.

இந்த 7 லிட்டர் இன்ஜினில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு டைட்டானியம். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு உள்ளே குடைந்து சோடியம் நிரப்பியது. எடை குறைவு என்பதால்தான் 7000 ஆர்பிஎம் வரை தாங்குகிறது. இதில் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்வது ஊரறிந்த சங்கதி. கைடு தளர்ந்தால் வால்வு ஆடும், சீட்டில் நேராக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டன், ஹெட் எல்லாம் காலி. அதனால் முதலில் ஹெட்டைக் கழற்றி, கைடு இடைவெளியை அளந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் வெண்கலக் கைடு. பயந்துபோய், உள்ளே குடையாத கெட்டி ஸ்டெயின்லெஸ் வால்வுக்கு மாறுபவர்களும் உண்டு. மாறலாம், ஆனால் எடை கூடும், ஸ்பிரிங்கும் அதற்கேற்றபடி வேண்டும்.

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே! இன்டேக் வால்வின் விட்டம் 2.2 அங்குலம். அது தரும் கூடுதல் காற்றழுத்தம் (பூஸ்ட்) 10 பிஎஸ்ஐ என்றால், வால்வு மூடியிருக்கும்போது அதன் முதுகில் சுமார் 17 கிலோ விசை. அத்தனையும் ஸ்பிரிங்கின் பிடியை எதிர்த்து வேலை செய்யும். பழைய கணக்கில் ஸ்பிரிங் வாங்கினால் உயர் ஆர்பிஎம்மில் வால்வு துள்ளும்.

அப்புறம், கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் புஷ்ராட் கம்பியின் நீளத்தையும் அளந்துதான் வாங்க வேண்டும். ஹெட்டை லேசாக மழித்தாலே அது மாறிவிடும்.