பத்து நாளைக்கு ஆயிரத்து முந்நூறு பக்கம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கித்தா (ரப்பர்) தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்ற சுப்பையா தே தாரிக் என்னும் பால்தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை கலைவாணி ஒரு தடித்த நூலை மேசைமீது வைத்துவிட்டு உம்மென்று அமர்ந்திருக்கிறாள்.)

சுப்பையா: பசியாறாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயே, கலை, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்களா?

கலைவாணி: அதெல்லாம் இல்லை, மாமா. பிராண்டன் சாண்டர்சன் எழுதும் 'ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' என்னும் மாயக்கதைத் தொடரின் ஐந்தாம் நூலை விடிய விடியப் படித்து முடித்தேன். முதல் நூல் 2010இல் வந்தது; பிறகு 2014, 2017, 2020 என்று ஒவ்வொன்றுக்கும் தவம் கிடந்து, 2024 டிசம்பரில் வெளிவந்த இந்த நூலோடு கதையின் முதற்பாதி நிறைவுறும் என்று ஆவலாக வாங்கினேன்.

சுப்பையா: முதற்பாதியா?

கலைவாணி: மொத்தம் பத்து நூல்கள் எழுதுவதாகத் திட்டம்.

சுப்பையா: ஐந்துக்கே பதினான்கு ஆண்டுகள் ஆயின என்றால், பத்தாவது வரும்போது நீ பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பாய். அதற்குள் எழுதுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கலைவாணி: வாயைக் கழுவுங்கள், மாமா! ராபர்ட் ஜோர்டன் என்னும் எழுத்தாளர் 2007இல் காலமானபோது பாதியில் நின்றுபோன தொடரை, அவருடைய துணைவியார் கேட்டுக்கொண்டதற்கு இணங்க மேலும் மூன்று நூல்கள் எழுதி 2013இல் முடித்துக் கொடுத்தவரே இந்தச் சாண்டர்சன்தான்.

சுப்பையா: அடுத்தவனுடைய கித்தா மர நிரையையும் சேர்த்து வெட்டி முடித்த ஆள் என்றால், தன் நிரையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகமாட்டார். சரி, எதற்கு இந்தக் கோபம்?

கலைவாணி: டாலினர் என்னும் தலைவரும் ஓடியம் என்னும் பகைத் தெய்வமும் தத்தம் வீரரை நிறுத்திப் போட்டி நடத்துவதாக ஒப்பந்தம். அதற்கு இருக்கும் பத்து நாட்களில் நடப்பவைதாம் இந்த ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் முழுவதும்.

சுப்பையா: பத்து நாளைக்கு ஆயிரத்து முந்நூறு பக்கமா? எங்கள் கணக்கர் கிராணியார் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருடைய ஒரு மாத வேலையையும், மழையால் வேலை நின்ற நாட்கள் உட்பட, ஒரே செக்ரோல் பதிவுப் புத்தகத்தில் அடக்கிவிடுவாரே!

கலைவாணி: கதை நடக்கும் ரோஷார் உலகத்துக் கணக்கே வேறு, மாமா. அங்கே ஒரு நாளைக்கு இருபது மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், மாதத்துக்குப் பத்து வாரம், ஆண்டுக்குப் பத்து மாதம்.

சுப்பையா: (கணக்குப் போட்டு) அப்படியானால் மாதச் சம்பளம் ஐம்பது நாளைக்கு ஒரு முறைதான் கைக்கு வருமா?

கலைவாணி: மாமா, அங்கே கிழக்கிலிருந்து பெரும்புயல் வீசும், புல்கூடப் பாறைக்குள் தன்னை இழுத்துக்கொள்ளும், கண்ணாடிக் கோளத்துக்குள் இரத்தினக்கல் பதித்த நாணயங்களைப் புயலில் வெளியே வைத்தால் அவை ஒளியை நிரப்பிக்கொள்ளும். நீங்கள் சம்பளத்தைப் பற்றியே கேட்கிறீர்களே!

சுப்பையா: புயலையும் புல்லையும் நம்பிவிட்டேன், அம்மா. ஐம்பது நாள் கடனுக்கு அரிசி கொடுக்கும் மளிகைக்கடைக்காரனைத்தான் நம்ப முடியவில்லை. அது கிடக்கட்டும், பணத்தை இராத்திரி வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்களே, அந்த ஊரில் திருடனே கிடையாதா? ஆமாம், உடம்பை வளைத்து வேலை செய்கிறவன் எவனாவது கதையில் இருக்கிறானா?

கலைவாணி: முதல் நூலே அவர்களைப் பற்றியதுதான். பிளவுபட்ட சமவெளியில் படைகள் பள்ளங்களைக் கடப்பதற்காகக் கனத்த மரப்பாலங்களைத் தோளில் சுமந்து, எதிரியின் அம்புகளுக்கு முன்னால் கேடயம்கூட இல்லாமல் ஓடும் பாலக்காரர்கள். சேடியஸ் என்னும் பிரபுவுக்கு உழைத்த அவர்களில் கலாடின் என்பவன்தான் நாயகன். அடிமைகளுக்குப் பாதிக் கூலி.

சுப்பையா: (குவளையை வைத்துவிட்டு) பாதிக் கூலியா? சங்கம் இல்லையா? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானபோதே சந்தா கட்டியவர் என் அப்பா. அவர் மட்டும் அங்கே இருந்திருந்தால் பாலத்தைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்.

கலைவாணி: டாலினர் ஓர் அரசுக்கு ஈடான தன் மந்திர வாளையே சேடியஸிடம் கொடுத்து, அத்தனை பாலக்காரர்களையும் மீட்டார், மாமா.

சுப்பையா: தொழிலாளிக்காக வாளைக் கொடுத்தாரா? எங்கள் பெரிய துரை, பிரசவ வலியில் துடித்தவளுக்குத் தன் ஜீப்பைக்கூடக் கொடுத்ததில்லை. இப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டா நீ உம்மென்று இருக்கிறாய்?

கலைவாணி: அந்தக் கலாடின் ஐந்தாம் நூலில் என்ன செய்கிறான் தெரியுமா? வெளியே போர் நடந்துகொண்டிருக்கும்போது, அரசரைக் கொன்ற கொலையாளி ஒருவனோடு அவனுடைய சொந்த நாட்டுக்குப் போய், வழியெல்லாம் அவன் மனக்காயத்துக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஈட்டி பிடித்த வீரனைப் பள்ளி ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். மற்றவர்களைப்போல் பறக்கவோ காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளவோ இயலாத அடோலின் ஒரு நகரத்தைக் காக்கும் பகுதிகள் மட்டும் இல்லையென்றால், புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

சுப்பையா: எறியாதே, யார் காலிலாவது விழுந்தால் கால் போய்விடும். அம்புக்கு நடுவில் பாலம் தூக்கியவனுக்குத்தானே அடிபட்டவன் மனம் புரியும்? எங்கள் லயத்தில் குடித்துவிட்டு அழுதவனோடு கூடவே நடந்து போய் வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்தான் தலைவராக இருந்தார். மேடையில் கத்தியவர் இல்லை.

கலைவாணி: (சற்றுத் தடுமாறி) இருந்தாலும் அந்தப் பேச்சு இத்தனை பக்கங்களுக்கு வேண்டியதில்லை.

சுப்பையா: அது வேண்டுமானால் உன் பக்கம் நியாயம். போட்டியில் யார் வென்றார்கள் என்பதை நீ சொல்ல வேண்டாம், ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். பிடித்துவைத்த பாதிக் கூலியை அந்தச் சேடியஸ் பிறகு கொடுத்தானா?

கலைவாணி: அவன் இரண்டாம் நூலின் இறுதியிலேயே கொல்லப்பட்டான், மாமா.

சுப்பையா: செத்தால் என்ன, மனைவி இருப்பாள் அல்லவா? தோட்டம் கைமாறினாலும் சம்பளப் பாக்கி அடுத்த முதலாளியின் தலையில்தான்.

கலைவாணி: மனைவியும் நான்காம் நூலில் கொல்லப்பட்டாள்.

சுப்பையா: பாக்கி வைத்தவர்களை எல்லாம் வரிசையாகத் தீர்த்துக் கட்டிவிட்டு, பத்து நாளைக்கு ஆயிரத்து முந்நூறு பக்கம் எழுத மட்டும் அவருக்கு நேரம் இருந்ததாக்கும்! தாளும் பேனாவும் எடு, கலை. நான் சொல்லச் சொல்ல நீ ஆங்கிலத்தில் எழுது. ஆறாம் நூல் அச்சுக்குப் போவதற்குள் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.