மேலே ஓடுபாதை, கீழே ஓய்விடம்

படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் என் அக்கா. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பித்தளை மணி இருக்கும். மாமியாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மணி, புரண்டு படுக்க வேண்டுமென்றால் மணி. இரவில் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் அக்கா தூங்கி நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்து ஓராண்டு போன பிறகு, "உனக்கு என்ன வேண்டும், சொல் அக்கா" என்று கேட்டேன். "யாரும் என்னைக் கூப்பிடாத இடத்தில் நாலு நாள் உட்கார வேண்டும்" என்றார்.

கப்பலில் போகலாம் என்பது என் யோசனை. எந்தக் கப்பல் என்று முடிவு செய்ததும் நான்தான். விளம்பரத்தில் 'பெரியவர்களுக்கு மட்டுமான அமைதித் தளம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளைத் திரைச்சீலை, அகலமான மெத்தை, அதற்கப்பால் நீலக் கடல். படத்தைப் பார்த்ததுமே பணத்தைக் கட்டிவிட்டேன்.

நடுக்கடலில் முதல் நாள் காலை. நல்ல இடமாகப் பார்த்து இருவரும் சாய்ந்தோம். தலைக்கு மேலே தட், தட், தட் என்று ஒரு சத்தம். நின்றது, மறுபடி வந்தது. அக்காவின் காபிக் கோப்பைக்குள் கிடந்த கரண்டி ஒவ்வொரு தட்டுக்கும் கிணுகிணுத்தது. எங்களுக்குக் கூரையாக இருந்தது மேல்தளத்து ஓடுபாதையின் அடிப்பாகம் என்பது பிறகுதான் புரிந்தது. அது போதாதென்று, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தைகளின் நீர் விளையாட்டுத் திடல். அங்கே ஒரு ராட்சத வாளி. அது நிரம்பியதும் மணி அடிக்கும், வாளி கவிழும், அத்தனை குழந்தைகளும் ஒரே குரலில் கத்துவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது நடந்தது. மணி அடித்த ஒவ்வொரு முறையும், கண் திறப்பதற்கு முன்பே அக்காவின் உடம்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் வெளியே வரவில்லை. ஜன்னல் இல்லாத எங்கள் அறைக்குள்ளேயே படுத்துக்கொண்டார்.

அந்தக் குழந்தைகள் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. விளையாட வந்தவர்கள் கத்தத்தான் செய்வார்கள். அந்த மூலைக்கு ஓய்விடம் என்று பெயர் சூட்டி விற்றவர்கள் மீதுதான் கோபம். தள வரைபடத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் வாங்கிய என் மீதும்தான். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாக, எந்தக் கப்பலின் பெயர் காதில் விழுந்தாலும் அதன் தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். கேட்பவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்கிறேன். 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற பலகையை நம்பிக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எத்தனை பேர் அதைப் பங்குபோடப் போகிறார்கள், வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள்.

முதலில் யார் பெரியவர் என்பதிலேயே கப்பலுக்குக் கப்பல் கணக்கு மாறுகிறது. கார்னிவல் கப்பல்களில் உள்ள 'செரினிட்டி' பகுதிக்குள் நுழைய 21 வயது ஆகியிருக்க வேண்டும். டிஸ்னி கப்பல்களின் 'கொயட் கோவ்' குளத்துக்கு 18. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி இரண்டிலும் 'சோலாரியம்' என்ற கண்ணாடிக் கூரை ஓய்விடம் 16 வயதிலிருந்தே திறந்திருக்கிறது. விடுமுறைக் காலத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்து வெந்நீர்த் தொட்டியில் இறங்கினால் சட்டப்படி அது அவர்கள் இடமும்தான். முன்பதிவுக்கு முன்பே அந்த எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது.

வயதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. பெரியவர்கள் என்றாலே அமைதி என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 2024இல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் பெரியவர்களுக்கு மட்டும் 'ஹைட்அவே' என்று ஒரு பகுதி இருக்கிறது. பின்புறத்தில் கடலைப் பார்த்துத் தொங்குவதுபோல் கட்டிய குளம், அதைச் சுற்றிப் படிப்படியாக இருக்கைகள். பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் டிஜே இசை போட்டுக் கொண்டாடுவதற்கென்றே வடிவமைத்த இடம் அது. அங்கே போய்ப் புத்தகத்தைத் திறந்தால் குற்றம் புத்தகத்தைத் திறந்தவருடையதுதான். முழுக் கப்பலையுமே பெரியவர்களுக்கென்று ஒதுக்கியவர்களிடமும் இதே வேறுபாடு உண்டு. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் இரண்டிலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இடமில்லை. வர்ஜின் கப்பல்களில் இசையும் ஆட்டமும் இரவு வெகுநேரம் வரை நடக்கும். வைக்கிங்கின் கடல் கப்பல்களில் சூதாட்டக் கூடம்கூடக் கிடையாது. வெந்நீர்க் குளமும் பனி அறையும் உள்ள ஸ்பா பகுதியைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஒன்று திருவிழா, மற்றது நூலகம். இரண்டின் வாசலிலும் பலகை ஒன்றேதான். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்களை இப்படிப் பெரியவர்களுக்கென்றே ஓட்டுகிறது. குடும்பத்தில் சிறுவர்கள் யாரும் கூட வரப்போவதில்லை என்றால், ஒரு மூலையைத் தேடி அலைவதைவிட இப்படி முழுக் கப்பலையே எடுப்பது மேல் என்பது என் கருத்து.

எல்லோருக்கும் அது முடியாது. பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் உண்டு, பயணத் தேதி ஒத்துவராதவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. ஒவ்வொரு கப்பலுக்கும் 'கிராஸ் டன்னேஜ்' என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். டன் என்று வருவதால் எடை என்று பலர் நினைக்கிறார்கள்; அது கப்பலின் உள்கொள்ளளவைக் குறிக்கும் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தோராயமாகத் தெரியும். 2015இல் வந்த வைக்கிங் ஸ்டார் சுமார் 47,800, பயணிகள் 930. வகுத்தால் 51 வருகிறது. ஐகான் ஆஃப் த சீஸ் சுமார் 2,48,600. அறைக்கு இருவர் வீதம் பயணிகள் 5,610. வகுத்தால் 44. பரவாயில்லையே என்று தோன்றும். அங்கேதான் கவனிக்க வேண்டும். அறைக்கு இருவர் என்பது கணக்குக்காக வைத்த எண். பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கையிலும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அந்தக் கப்பல் ஏற்றிச் செல்லக்கூடிய உச்ச எண்ணிக்கை ஏறத்தாழ 7,600. இப்போது வகுத்துப் பாருங்கள், 33க்கு இறங்கிவிடும். கப்பலும் அதுதான், நாற்காலிகளும் அவைதான். தேதி மட்டும் மாறியிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து, கப்பலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தேதியைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். அந்தக் கப்பலில் அதிகம் ஏறுவது எந்த நாட்டவரோ அந்த நாட்டுப் பள்ளி நாட்காட்டியைப் பார்க்க வேண்டும், நம்முடையதை அல்ல. நாட்கள் அதிகமான பயணங்களிலும் பிள்ளைகள் குறைவு. பதினைந்து நாள் பள்ளியை விட்டு யாரால் வர முடியும்?

இனி வரைபடம். ஓய்விடம் இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே ஓடுபாதை இருக்கிறதா, கூடைப்பந்து மைதானம் இருக்கிறதா, எடை தூக்கும் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறதா? பந்து ஒருமுறை தரையில் மோதினால் கீழே படுத்திருப்பவருக்கு அது நெஞ்சில் விழும். பெரிய திரை வைத்த நடுக் குளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அந்தத் திரையின் ஒலிபெருக்கிகள் பகல் முழுக்க ஓயாது. நடுவில் ஒரு சுவராவது வேண்டும்; வெறும் கண்ணாடித் தடுப்பு சத்தத்துக்கு ஒரு தடையே அல்ல. புகைபிடிக்க ஒதுக்கிய இடம் எது என்றும் பாருங்கள். அதுவும் பெரியவர்களின் இடம்தானே என்று ஓய்விடத்தை ஒட்டியே வைத்துவிடுகிற கப்பல்கள் இருக்கின்றன.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் முன்தளத்தில் இருப்பவர் முகத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். எதிர்க்காற்று இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். முன்பக்கத்து உச்சித் தளத்தில் கண்ணாடி மறைப்பு இல்லாமல் அமைந்த ஓய்விடத்தில் ஒரு பக்கத்தைக்கூட நிம்மதியாகப் புரட்ட முடியாது. அலையில் கப்பல் ஏறி இறங்குவதும் நடுப்பகுதியைவிட அங்கேதான் அதிகம் தெரியும். பின்பக்கம் காற்றுக்கு அடக்கமானது; ஓடி மறையும் நுரைப்பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் புகைபோக்கியின் கரித்துகள் சில நேரம் வெள்ளைத் துண்டின் மேல் வந்து படியும், இயந்திர அதிர்வும் லேசாகத் தெரியும். எனக்குப் பின்பக்கம் பிடிக்கும். குளிர்ந்த கடலுக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடிக் கூரை போட்ட சோலாரியம் ஒரு வரம். பனிமலையைப் பார்த்தபடி கதகதப்பாகப் படுத்திருக்கலாம். அதே கூரை வெயில் கொளுத்தும் கடலில் புழுங்க வைத்துவிடும். ஆகவே கப்பலை மட்டும் கேட்காமல், எந்தக் கடலுக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.

கட்டணம் வாங்கும் ஓய்விடங்களைப் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. பிரின்செஸ் நிறுவனம் 2006இல் கிரவுன் பிரின்செஸ் கப்பலில் 'சாங்சுவரி' என்ற பகுதியைத் திறந்து, அதற்குத் தனிக் கட்டணம் வைத்தது. நார்வீஜியன் கப்பல்களில் 'வைப் பீச் கிளப்' என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாஸ் விற்கிறார்கள். ஏற்கெனவே கட்டணம் வாங்கிய கப்பலில் அமைதிக்குத் தனி விலையா என்று முதலில் கொதித்தேன். இப்போதும் அது சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா திடுக்கிட்டு எழுந்ததைப் பார்த்தவள் நான். இத்தனை பேருக்கு மேல் விடமாட்டோம் என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்றால், வாசலில் ஒருவரை நிறுத்தினால், அந்தப் பணத்தைக் கொடுப்பேன். எண்ணிக்கை சொல்லாமல் விற்றால் கொடுக்க மாட்டேன். ஸ்பாவில் உள்ள, ஓடு பதித்துச் சூடேற்றிய சாய்வுப் படுக்கைகளுக்கும் இதே அளவுகோல்தான். பல கப்பல்களில் அதற்கான பாஸ் கப்பல் ஏறிய அன்றே தீர்ந்துவிடுகிறது. பெட்டியை அறையில் வைப்பதற்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும். அந்த அறையின் சுகம் தனி. சாய்ந்ததும் முதுகின் கீழிருந்து சூடு மெல்ல ஏறும், எதிரே ஆளுயரக் கண்ணாடி, அதற்கப்பால் கடல் சத்தமில்லாமல் நகரும். அந்த மூன்றாம் நாள் மாலை எப்படியோ ஒரு பாஸ் வாங்கி அக்காவை அங்கே அனுப்பினேன். திரும்பி வந்தவரின் கன்னத்தில் துண்டின் மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது. தூங்கியிருக்கிறார்.

வாசல் காவலைப் பற்றிச் சொன்னேனே, அது மிக முக்கியம். பலகை வைத்துவிட்டு ஆள் வைக்காத இடம் இரண்டு நாளில் பொது இடமாகிவிடும். என்னை ஆச்சரியப்படுத்தியது டிஸ்னி. குழந்தைகளுக்காகவே ஓடும் கப்பல்கள் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், குழந்தைகளுக்கு நாள் முழுக்க வேலை கொடுக்கும் கூடங்கள் இருக்கும் கப்பலில் அவர்கள் பெரியவர்களின் குளத்தை எட்டிப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. தன் தனித் தீவான காஸ்ட்அவே கேயில்கூட 'செரினிட்டி பே' என்று பெரியவர்களுக்கெனத் தனிக் கடற்கரையையே பிரித்து வைத்திருக்கிறது அந்த நிறுவனம். குழந்தைகளுக்கு நன்றாகச் செய்யாத கப்பல் பெரியவர்களுக்கும் நன்றாகச் செய்யாது என்று இப்போது நம்புகிறேன்.

விடியற்காலையில் துண்டைப் போட்டு நாற்காலியைப் பிடித்து வைத்துவிட்டு மதியம் வரும் பழக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் சொல்வதெல்லாம், ஆளில்லாத துண்டை ஊழியர்கள் எடுத்துவிடுவார்களா என்று கேட்டு வையுங்கள். இன்னொரு வழியும் உண்டு. துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லோரும் இறங்கி ஊர் பார்க்கப் போய்விடுவார்கள். பார்த்தே தீர வேண்டிய ஊர் இல்லையென்றால் இறங்காதீர்கள். நடுக்கடல் நாளில் சண்டை போட்டுப் பிடிக்க வேண்டிய நாற்காலிகள் அன்று வரிசையாகக் காலியாகக் கிடக்கும்.

மறுபடி போவதற்கு இப்போது ஒரு கப்பலைப் பார்த்து வைத்திருக்கிறேன். நடுத்தர அளவு, பள்ளி திறந்திருக்கும் மாதம், பின்பக்கத்தில் ஓய்விடம், அதற்கு மேலே திறந்த வானம். வரைபடத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தளமாக விரலை ஓட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி. அங்கே மணி ஏதாவது அடிக்குமா என்று மட்டும் கேள்" என்றார். பயண முகவருக்கு அதை எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று வண்ணப் படங்களை அனுப்பி, அழகான இடம் அம்மா என்று பதில் போட்டிருக்கிறார். மறுபடியும் அதே கேள்வியை எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் வந்த பிறகுதான் முன்பணம்.