ஃபீஸ் கட்டுவது நாம், ஃபைல் பிள்ளையுடையது

அமெரிக்காவில் செமஸ்டர் முடிகிற டிசம்பர் வந்தால் போதும், நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் புலம்பல் தொடங்கிவிடும்: "வருஷா வருஷம் இவ்ளோ டாலரைக் கொட்டுறோம். பையன் மார்க் சராசரி (ஜி.பி.ஏ.) என்னன்னு கேட்டா, ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல சொல்ல முடியாதுங்கிறாங்க!"

ஆதங்கம் புரிகிறது. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்துக்காகப் பயந்து பயந்து நின்ற தலைமுறை நாம். ஆனாலும் இதில் நான் பிள்ளைகள் பக்கம்தான்.

மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்க அமெரிக்காவில் 1974-இல் வந்த ஃபெர்பா (FERPA) சட்டப்படி, அந்தப் பதிவுகளைப் பார்க்கப் பள்ளிவரை பெற்றோருக்கு இருக்கும் உரிமை, பிள்ளைக்கு 18 வயதானதும் அல்லது கல்லூரியில் சேர்ந்ததும் பிள்ளைக்குப் போய்விடும். 17 வயதில் சேர்ந்தாலும் அப்படித்தான். மாணவர் தன் ஃபைலைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். நாம் பார்க்க அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அமெரிக்க வரிக் கணக்கில் பிள்ளையை டிபெண்டன்ட்டாக, அதாவது நம்மைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் சம்மதமில்லாமலும் பல்கலைக்கழகம் தரலாம், ஆனால் தந்தே தீர வேண்டிய கட்டாயம் கிடையாது.

இதற்காகப் பிள்ளையின் கல்லூரிப் போர்ட்டல் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பெற்றோரும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடியலப்பா, டிராப் பண்ணிட்டேன்" என்று பிள்ளை பயமில்லாமல் சொல்ல வீட்டில் இடம் கொடுங்கள்.

நாம் கோபப்பட வேண்டிய இடம் வேறு. பெயர், முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி போன்றவற்றை 'டைரக்டரி தகவல்' என்று அறிவித்துவிட்டால், வேண்டாம் என்று மாணவர் எழுதிக் கொடுக்காதவரை, பல்கலைக்கழகம் அவற்றை வெளியாருக்கும் கொடுக்கலாம். ஓரியண்டேஷன் பரபரப்பில் எத்தனை பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள்? சட்டத்தை மீறி ஃபைலையே வெளியே விட்டாலும், ஃபெர்பாவின் பேரில் மாணவர் வழக்குப் போட முடியாது என்று 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்தியக் கல்வித் துறைக்குப் புகார்தான் அனுப்பலாம். பெற்றவர்களிடம் இத்தனை கறாராக இருக்கிற சட்டம் மற்றவர்களிடம் இப்படித் தளர்ந்து நிற்பது எனக்கு ஆறவே இல்லை.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரை ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். அவனைப் பற்றிய கவலைகள் முன்பே பலரிடம் இருந்தன. ரகசியச் சட்டங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. அடுத்த ஆண்டே விதிகளைத் தெளிவாக்கினார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லலாம். பேராசிரியர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஃபெர்பா எப்போதுமே தடையில்லை.

அதனால் பிள்ளை போனை எடுக்காமல், குரலும் முன்புபோல் இல்லாமல், உங்கள் மனசு அடித்துக்கொண்டால் தயங்காதீர்கள். மாணவர் நலனைக் கவனிக்கும் டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். "மார்க் எதுவும் வேண்டாம், யாராவது ரூமுக்குப் போய் என் பிள்ளையைப் பாருங்கள்" என்று கேளுங்கள். அதற்கு ஃபெர்பாவைக் காரணம் காட்டினால் விடாதீர்கள், அடுத்த மேலதிகாரியைக் கேளுங்கள்.