தோற்ற மருந்து வேறு, கைவிட்ட மருந்து வேறு

முந்தாநாள் என் பதிவுக்குக் கீழே நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். "டெங்குவுக்கு மாத்திரை என்று கோடி கோடியாகக் கொட்டினார்கள், தோற்றுப்போய்க் கடையைக் கட்டிவிட்டார்கள், கெமிக்கலால் ஒன்றும் ஆகாது" என்று அண்ணன் எழுதியிருந்தார். வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

மோஸ்னோடென்விர் என்ற அந்த மாத்திரை தோற்கவில்லை. அதைக் கைவிட்டார்கள்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் வருஷக்கணக்காக இழைத்து இழைத்துச் செய்த மூலக்கூறு அது. டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் பெருக வேண்டுமானால் அதன் என்எஸ்3, என்எஸ்4பி என்ற இரண்டு புரதங்கள் சேர வேண்டும். இது நடுவில் புகுந்து சேரவிடாது. ஆய்வகத்தில் நான்கு வகை டெங்குவையும் அடக்கியது. பிறகு தன்னார்வலர்களுக்கு வீரியம் குறைத்த வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 5 பேர் ரத்தத்திலும் வைரஸ் இருந்தது. அதிக டோஸ் எடுத்த 10 பேரில் 6 பேருக்குத் தென்படவே இல்லை. சின்ன ஆய்வுதான், சரி. பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதுதான், 2024 அக்டோபரில், நிறுவனம் நிறுத்தியது. பாதுகாப்பில் பிரச்சினை இல்லை, முன்னுரிமையை மாற்றிக்கொண்டோம் என்று அவர்களே சொன்னார்கள். உலகத்தில் 1.4 கோடி பேருக்கு மேல் டெங்கு பதிவான வருஷம் அது. இதற்குப் பெயர் தோல்வியா?

2017இல் அக்கா மகளுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டதும் நாங்கள் நிம்மதியானோம். "இனிமேதான் பாக்கணும்" என்றார் டாக்டர். பிரஷர் பட்டையைக் கழற்றியதும் முழங்கைக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். அக்கா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "என்ன மருந்து சார்?" "தனியா மருந்து கிடையாதும்மா. ட்ரிப்ஸ் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

இன்றைக்கும் அதே பதில்தான்.

"நீ கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்பீர்கள். என் கோபமே கம்பெனி மேல்தான். வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்பீர்கள். பழகலாம், அதனால்தான் இன்னும் நாலு மருந்து வேண்டும் என்கிறேன். "நிலவேம்பு இருக்கே?" நிலவேம்பை நான் எப்போது பழித்தேன்? அம்மா காய்ச்சியதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து வளர்ந்தவன் நான். அக்கா மகளுக்கும் கொடுத்தோம். அந்தக் கசப்பே ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற மூலக்கூறுதான். அதுவும் கெமிக்கல்தானே? அதையும் இதே மாதிரி சோதித்துப் பார் என்றால் ஏன் கோபம் வருகிறது?

மூன்று வருஷம் நான் ஆய்வகத்தில் இருந்தேன். ராத்திரி முழுக்க சிலிக்கா பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கலவையை ஊற்றிப் பிரித்து, விடியும்போது குடுவை அடியில் ஒட்டியிருக்கும் 40 மில்லிகிராம் வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுப்போம். பெரும்பாலும் அது எதற்கும் உதவாது. அதைத் தோல்வி என்று சொல்லுங்கள், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். இத்தனை தூரம் வந்த ஒன்றை அப்படிச் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு வார்டுக்கு நீங்களும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தீர்கள் அண்ணா. அவள் கையைப் பிடித்து அந்தப் புள்ளிகளை நீங்களும் பார்த்தீர்கள்.