எந்த ஓகே என்று சொல்லித் தொலையுங்கள்

சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று வீட்டு உரிமையாளருக்கு மூன்று முறை வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். படமும் அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில்: ஓகே.

முதல் ஓகேவை 'ஆள் அனுப்புகிறேன்' என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலேயே கிடந்தேன். ஒருவரும் வரவில்லை. இரண்டாவது ஓகே 'அதான் தெரியுமே' என்பது போல இருந்தது. மூன்றாவது 'தொந்தரவு பண்ணாதீங்க' என்பதேதான். இன்றைக்கும் மழை பெய்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைக்கிறேன்.

இந்தச் சொல் பிறந்தபோது இப்படி எதற்கும் பிடிகொடுக்காத சொல்லாக இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் வந்த விளையாட்டுச் சுருக்கம் இது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழையாக 'ஓல் கொரெக்ட்' என்றாக்கி, முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பத்திரிகைகளில் அப்போது இப்படிச் சுருக்குவது ஒரு பித்தாகவே இருந்தது. மற்றவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. இது தப்பியதற்கு 1840 அதிபர் தேர்தல் பெரிய காரணம். அதில் போட்டியிட்ட, கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்த மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று சொல்லி, ஆதரவாளர்கள் ஓகே என்ற பெயரிலேயே மன்றம் தொடங்கினார்கள். அவர் தோற்றுப்போனாலும் சொல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதையெல்லாம் 1960களில் நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். அப்புறமும் 'போரில் யாரும் சாகவில்லை என்பதன் சுருக்கம்' என்ற கதையைக் குடும்பக் குழுவில் தள்ளிவிடுகிறார்களே, அதற்கும் கோபம் வருகிறது.

'எல்லாம் சரி' என்றால் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னது என்றுதானே பொருள்? எங்கள் வீட்டு உரிமையாளர் அந்தப் படத்தைத் திறந்தாவது பார்த்தாரா?

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? 'செய்கிறேன்' என்றால் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றால் நாள் எண்ணலாம். 'முடியாது' என்றிருந்தால்கூடப் பரவாயில்லை, நானே கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பேன். இந்த ஓகேவை வைத்துக்கொண்டு சண்டைகூடப் போட முடியவில்லை. 'அதான் ஓகே சொன்னேனே' என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்.

நேற்று நான்காவது முறையாக எழுதினேன். 'ஓகே என்று மட்டும் போடாதீங்க சார், எந்தத் தேதியில் ஆள் வருவார் என்று எழுதுங்க.' நீல டிக் விழுந்து ஒரு நாள் ஆகிறது.