ஒலியைக் குறைக்கச் சொன்னால் ஏன் இத்தனை ஏளனம்?

சென்ற வாரம் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள்கள் கழிந்தும் இடக் காதில் ரீங்காரம் ஓயவில்லை, மனமும் ஆறவில்லை. நாற்புறமும் மூடிய அரங்கில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றிலிருந்து நான்கு எட்டுத் தொலைவில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒவ்வோர் அதிர்வுக்கும் தூக்கிவாரிப் போட்டாற்போல் துடித்துக்கொண்டிருந்தது. ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். ஒலியமைப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதுக்கே காதைப் பொத்தினா எப்படி சார், நான் இன்னும் ஏத்தவே இல்லையே” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒலியளவைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் பார்த்தேன். ஒலியை அளக்கும் அலகான டெசிபெல்லில் 100-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. செயலி துல்லியமான கருவி அன்று. ஐந்து டெசிபெல்லைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டாலும் கொடுமைதான். 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்றும், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் தொழிலாளர் நலனுக்காக வகுத்த பரிந்துரை சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். நாங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இசை அரங்குகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது, ஒலியளவைக் கண்காணித்தபடி இருக்க வேண்டும், காதாற ஒதுங்க அமைதியான இடம் வேண்டும் என்கிறது. இங்கே ஒதுங்குவதற்கு வாசற்படிதான் இருந்தது.

கண்ணில் தூசி விழுந்தால் பதறுகிறோம்; காது பழுதானால் இரத்தம் வருவதில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உட்செவியில், நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள், ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மட்டுமே இருக்கின்றன. பறவைகளுக்கு அவை அழிந்தாலும் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. மறுநாள் காது ‘தெளிந்துவிட்டது’ என்று நிம்மதி அடைகிறார்களே, அந்தத் தெளிவையும் முழுதாக நம்ப முடியாது. கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும் அந்தச் செல்களை நரம்போடு சேர்க்கும் இணைப்புகள் சில உள்ளே அறுந்திருக்கக்கூடும்.

என் அண்ணன் இருபது ஆண்டுகள் இரைச்சலான இயந்திரங்களுக்கு நடுவே, காதில் எதையும் அணியாமல் வேலை பார்த்தவர். அவருடைய செவித்திறன் வரைபடத்தில் கோடு சமமாக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்னும் உயர்ந்த சுருதிக்கு அருகில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்குகிறது. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றையும் பிரித்துக் காட்டும் முதல் மெய்யொலியின் கூர்மை அவருக்கு எட்டுவதில்லை, உயிரொலி மட்டும் எட்டுகிறது. இது புரியாமல் வீட்டிலேயே, “வேணுங்கிறது மட்டும் நல்லாக் கேட்குது, வேண்டாததுதான் கேட்கலையாம்” என்று குத்திக் காட்டுகிறார்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். இப்போதெல்லாம் நாலு பேர் கூடிப் பேசும் இடத்துக்கே அவர் வருவதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவரை யாரும் கேலி செய்வதில்லை. காதில் கருவி மாட்டியவரைப் பார்த்ததும் குரலை உயர்த்திக் கத்துவதும், கண்ணடித்துச் சிரிப்பதும் எந்த ஊர் நியாயம்?

இத்தனைக்கும் அந்த விழாவில் யாரும் யாரோடும் பேசவில்லை. பேச முயன்றவர்கள் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்கள். குரல்நாண்கள் ஒன்றோடொன்று அறைந்துகொள்ளும்படி மூன்று மணி நேரம் கத்தினால் அவை வீங்காமல் என்ன செய்யும்? வகுப்பெடுத்துப் பிழைக்கும் என் தோழிக்கு மறுநாள் காலையில் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

நான் கேட்டது பாட்டை நிறுத்தச் சொல்லி அன்று. ஒலியமைப்பாளரே, உங்கள் விரலடியில் இருக்கும் அந்தக் குமிழை ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள். அந்த ஒலிபெருக்கிகளைக் குழந்தைகள் உட்காரும் வரிசையிலிருந்து தள்ளி வையுங்கள். பெற்றோரே, பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் சிரிக்கட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.